விஞ்ஞாபனத்தின் உபயகாரர் அட்டவணையை எக்செலிலிருந்து புதுப்பித்தல்

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆலயத்தின் மகோற்சவ விஞ்ஞாபனத்தை, அதாவது திருவிழா அறிவித்தலை, வடிவமைத்தவர்களுக்கு, அதில் மிகவும் அலைக்கழிப்பது உபயகாரர் பட்டியல்தான் என்பது தெரியும். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையான ஒவ்வொரு திருவிழாவுக்கும் உரிய குடும்பங்களின் பெயர்கள், இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கேற்ப, அச்சுக்குப் போகும் நாள் வரையில் மாறிக்கொண்டே இருக்கும். பரிபாலன சபையின் செயலாளர் அந்தப் பட்டியலை எக்செலில் வைத்திருப்பார். பக்கம் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கும். இரண்டையும் தொடுத்துவிட்டால், அவர் திருத்திச் சேமித்ததை நாம் மீண்டும் தட்டெழுதாமலே பக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

எக்செல் கோப்பை உள்ளே கொண்டுவந்தால் அது தானாகத் தொடுக்கப்பட்டுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, படங்கள் மட்டுமே வழமையாகத் தொடுக்கப்படும். பிரிபெரன்சஸ் பகுதியில் ஃபைல் ஹான்ட்லிங் என்பதைத் திறந்து, உரைக் கோப்புகளையும் விரிதாள்களையும் வைக்கும்போது தொடுப்பை உருவாக்குமாறு கூறும் பெட்டியில் முதலில் சரி அடையாளம் இடவேண்டும். ஏற்கெனவே வைத்துவிட்ட அட்டவணைக்கு இது பயன்படாது. அதை அழித்துவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். எக்செலில் நகலெடுத்து ஒட்டிய அட்டவணைக்கும் எந்தத் தொடுப்பும் இராது.

பின்னர் கன்ட்ரோல், டி விசைகளை அழுத்திப் பிளேஸ் சாளரத்தைத் திறந்து, கோப்பைத் தெரிவுசெய்வதோடு ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸ் என்பதையும் தெரிவுசெய்யுங்கள். அடுத்து வரும் சாளரத்தில் எந்தத் தாள், எந்தக் கலங்கள் என்று கேட்கப்படும். அட்டவணை வகையில் அன்ஃபோமற்றட் ரேபிள் என்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதைத் தெரிந்தால் மட்டுமே நாம் முன்கூட்டி அமைத்த அட்டவணைப் பாணியை அங்கேயே பொருத்த முடியும். ஃபோமற்றட் ரேபிள் என்பது செயலாளர் பூசிய மஞ்சள் நிறத்தையும் தடித்த கோடுகளையும் பக்கத்துக்கு இழுத்துவந்துவிடும்.

இனி, புதுப்பித்தல் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இன்டிசைன் மாறிய ஒரு கலத்தை மட்டும் தேடி மாற்றுவதில்லை. பழைய அட்டவணையை முழுவதுமாக நீக்கிவிட்டு, கோப்பைப் புதிதாக உள்ளே கொண்டுவருகிறது. ஆகவே பக்கத்தில் நீங்கள் கையால் திருத்திய பெயர், இழுத்துச் சரிசெய்த நிரல் அகலம், தலைப்பு நிரையாக மாற்றிய முதல் நிரை ஆகிய யாவும் போய்விடும். எழுத்துப் பிழையானாலும் அதை எக்செலிலேயே திருத்துவது என்ற ஒழுங்கைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவும் கோடுகளும் கலத்தின் உள் இடைவெளியும் பாணிகளில் இருக்கட்டும். ‘திகதி’, ‘திருவிழா’, ‘உபயகாரர்’ என்ற தலைப்புகளை மேலே தனிச் சட்டகத்தில் வைத்துவிட்டு, எக்செலின் இரண்டாம் நிரையிலிருந்து தொடுப்பது எனக்குக் கைகொடுத்த வழியாகும். நிரல் அகலத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கத்தான் வேண்டும்.

கல வீச்சு, அதாவது எந்தக் கலம் முதல் எந்தக் கலம் வரை தொடுக்கிறோம் என்பது, இன்னொரு பொறி. பத்து நாள் திருவிழாவுக்கென்று பத்து நிரைகளை வரையறுத்துத் தொடுத்த பின்னர், பூங்காவனத்தையும் வைரவர் மடையையும் செயலாளர் கீழே சேர்த்தால், அவை குறித்த வீச்சுக்கு வெளியே நின்றுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. அப்போது லிங்க்ஸ் பலகத்தில் ரீலிங்க் என்பதை அழுத்தி, அதே கோப்பைத் தெரிந்து, இம்போர்ட் ஒப்ஷன்ஸைக் காட்டச் செய்து வீச்சை நீட்டுங்கள்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினி நம்மிடையே இன்னும் புழக்கத்தில் இருப்பதால் வரும் சிக்கல் தனியானது. ஒரே நிரலில் சில பெயர்கள் பாமினியிலும், வட்ஸ்அப்பில் வந்து ஒட்டப்பட்ட சில பெயர்கள் யூனிகோட்டிலும் இருந்தால், எக்செலில் கலத்துக்குக் கலம் எழுத்துரு மாற்றி ஒப்பேற்றியிருப்பார்கள். பக்கத்துக்கு வரும்போது அந்த எழுத்துருத் தகவல் கைவிடப்படுவதால், பாமினிப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் கோவைகளாக நிற்கும். தொடுப்பதற்கு முன்னரே யாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். பந்திப் பாணியில், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்திருப்பதும் அவசியம். இல்லையெனில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தொலைபேசி இலக்க நிரலை எக்செலில் ‘உரை’ வகையாக மாற்றிய பின்னரே இலக்கங்களை இடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 021 என்பது 21 ஆகிவிடும்.

புதுப்பிக்கும் வேலை சிறியது. செயலாளர் கோப்பைச் சேமித்த பின்னர் லிங்க்ஸ் பலகத்தில் அதன் அருகே மஞ்சள் முக்கோணம் தோன்றும். முதலில் உங்கள் ஆவணத்தைச் சேமித்துவிட்டு, முக்கோணத்தை இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி தெரிந்தால் கோப்பு இடம் மாறியிருக்கிறது, அல்லது பெயர் மாறியிருக்கிறது. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘மெய்யான இறுதி’ என்று பெயர்சூட்டும் வழக்கம் தொடுப்புக்கு ஆகாது. எக்செல் கோப்பு பக்க ஆவணம் உள்ள கோப்புறையிலேயே, தன் பெயர் மாறாமல் இருப்பது நல்லது.

பட்டியல் பத்துப் பன்னிரண்டு நிரைகளுக்குள் அடங்கி, அலங்காரம் மிகுந்திருந்தால் தொடுப்பே வேண்டாம் என்பது என் எண்ணம். பிரிபெரன்சஸில் கிளிப்போர்ட் பகுதியில் ‘உரை மட்டும்’ என்பதைத் தெரிந்து, எக்செலில் கலங்களை நகலெடுத்து, பக்க அட்டவணையில் அதே எண்ணிக்கையான கலங்களைத் தெரிவுசெய்து ஒட்டினால், உள்ளடக்கம் மாறும். தோற்றம் அப்படியே இருக்கும்.

எவ்வழியாயினும், அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்புமுன் கலங்களில் சிவப்புப் புள்ளியோ சட்டகத்தின் மூலையில் சிவப்புக் கூட்டற்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட குடும்பப் பெயர் ஒன்று கலத்துக்குள் அடங்காமல் மறைந்திருப்பதை அந்தக் குறிகள் காட்டும். அந்தக் குடும்பத்தார் விஞ்ஞாபனத்தில் முதலில் தேடுவது அந்த நிரையைத்தான்.