டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்திருக்கிறதா? முதல் சில மாதங்களுக்கு இது போதும்

முதலில் வாழ்த்துகள். உங்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. டாக்டர் விஷயத்தைச் சொன்ன நிமிடத்திலிருந்து சுற்றியிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்திருப்பார்கள், வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தயங்கியிருப்பார்கள். எங்கள் மகள் பிறந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன்.

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அழுவதால் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று ஆகிவிடாது. இருவரில் ஒருவர் சீக்கிரம் தேறிவிடுவார், இன்னொருவருக்கு மாதக்கணக்கில் ஆகும், அதை வைத்துச் சண்டை மட்டும் வேண்டாம். அப்புறம், இது யார் தப்பும் இல்லை. செல்லுக்குள் மரபுக் குணங்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46 இருக்க வேண்டிய இடத்தில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்து 47 ஆகிவிடுகிறது. சுமார் 95 சதவீதம் பிள்ளைகளுக்கு இதுதான் காரணம், கரு உருவாகும் கட்டத்திலேயே தற்செயலாக நடப்பது. கர்ப்பத்தில் சாப்பிட்டது, அலைந்தது, கவலைப்பட்டது எதற்கும் இதில் பங்கில்லை. சிலருக்கு மட்டும் அந்தக் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும், அது பெற்றோரில் ஒருவர் வழியாகவும் வரலாம். எந்த வகை என்று கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனையில் தெரிந்துவிடும், அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும்போது தேவைப்படும் என்பதால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பள்ளிக்கூடம், கல்யாணம், நமக்குப் பிறகு யார் என்று மனம் இருபது வருடம் தாண்டி ஓடும், அதை இழுத்துப் பிடியுங்கள். இப்போது பார்க்க வேண்டியது இரண்டுதான்: இதயம், பால்.

இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து "சத்தம் எதுவும் இல்லை" என்று சொன்னாலும் முதல் மாதத்துக்குள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் பிறந்த புதிதில் பெரிய ஓட்டைகூடச் சத்தம் கொடுக்காமல் இருக்கலாம். பால் குடிக்கும்போது தலை வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ பிறந்து இரண்டு நாளாகியும் மலம் போகாவிட்டாலோ அதுவும் அவசரம்தான், குடலில் அடைப்பு இருக்கலாம்.

பால் விஷயத்தில் பொறுமை நிறைய வேண்டும். தசை தளர்வாக இருப்பதால் பிள்ளைக்கு இழுத்துக் குடிக்க வலு இருக்காது, நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடும், பசித்தாலும் அழாது. சமர்த்துப் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே எழுப்ப வேண்டும்: போர்த்தியதை எடுத்துவிட்டு, டயப்பரை மாற்றி, உள்ளங்காலை விரலால் தேய்த்துவிடுங்கள். படுக்கவைத்துக் கொடுக்காமல் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி நிமிர்த்திப் பிடியுங்கள். மார்பைக் கீழிருந்து உள்ளங்கையில் தாங்கி, கடைசி மூன்று விரலையும் மார்புக்கு அடியில் விட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் லேசாக வைத்தால் தாடை உங்கள் கையிலேயே உட்கார்ந்துகொள்ளும், வாய் நழுவாது. இதைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம், தாய்ப்பால் ஆலோசகரோ நர்ஸோ பக்கத்தில் நின்று ஒரு முறை செய்து காட்டினால் வந்துவிடும். எங்கள் மகளுக்கு ஒரு வேளைப் பாலுக்கு 50 நிமிடம் ஆகும். முதலில் குடித்தவரை குடிக்கட்டும் என்று விட்டு, மிச்சத்தைப் பீய்ச்சி ஸ்பூனில் கொடுத்தோம், ஏழாவது வாரத்தில்தான் தானாக இழுக்கப் பழகினாள். எல்லாப் பிள்ளைக்கும் தாய்ப்பால் கைகூடாது, புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம், எடை ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கென்றே தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது, டாக்டரிடம் அதிலும் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றப் பரிசோதனைகளை ஒரு நோட்டில் தேதி போட்டு வையுங்கள். முதல் சில நாளில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. தைராய்டு பிறந்தவுடன், 6 மாதத்தில், 1 வயதில், பிறகு வருடா வருடம். காதும் கண்ணும் ஆறு மாதத்துக்குள். இதில் தைராய்டை விடவே கூடாது, ஏனென்றால் அது குறைந்தால் பிள்ளை மந்தமாகும், மலச்சிக்கல் வரும், பார்ப்பவர்கள் "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், "சரி, வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள்.

உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றும் பெரிதாக இல்லை. தூக்கும்போது கால்கள் தவளை மாதிரி விரிந்து தொங்காமல் சேர்த்துப் பிடியுங்கள், விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பேசுங்கள், முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். முதல் சில மாதங்களிலேயே பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். நடப்பது சராசரியாக இரண்டு வயதில், சிலருக்கு இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஆகும். பேச்சு அதைவிடத் தாமதம், ஆனால் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது எப்போதும் அதிகம், அதனால் பிள்ளை காது கேட்க எதையும் பேசிவிடாதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள். பழைய கணக்கெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் 1983இல் சராசரி ஆயுள் 25 வயதுதான், இப்போது 60ஐ ஒட்டி வந்துவிட்டது, இதய அறுவை சிகிச்சை கிடைக்க ஆரம்பித்தது அதற்கு முக்கியமான காரணம்.

தேடுவதற்குப் பதிலாக, டாக்டரிடமோ தெரபிஸ்டிடமோ சொல்லி, இரண்டு மூன்று வயதில் இதே மாதிரி பிள்ளை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள். போனில் பேசினால் போதாது, நேரில் ஒரு அரை மணி நேரம் போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளை பொம்மையைத் தூக்கி எறிவதையும் அம்மா அதட்டுவதையும் அடுத்த நிமிடம் அது வந்து மடியில் ஏறுவதையும் பாருங்கள். உங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள், அவர்களே கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.