மலையூரில் மீட்புப் பணிக்கு டிரோன்: பறக்கும் முன் சான்றிதழும் காப்பீடும்

கூடலூரில் யானை ஊருக்குள் இறங்கினாலும், குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தாலும் ஆள் போக முடியாத இடத்தை டிரோன் பார்த்துவிடும். அதற்காக விதி தளர்ந்துவிடாது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளில் முப்படைகளுக்கு விலக்கு உண்டு. தீயணைப்பு, வனத்துறை, ஊராட்சி என்று சொல்லித் தப்ப முடியாது.

படி 1: எடையைப் பாருங்கள். 250 கிராம் வரை நேனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை. நேனோவுக்கு மேற்பட்டதென்றால், அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் (தரச் சோதனையில் தேறியதற்கான சான்று) உண்டா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். வாங்கியதும் தனி அடையாள எண் பெறுங்கள்.

படி 2: பைலட். வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். நேனோவுக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோவுக்கும் இது கட்டாயமில்லை. ஆனாலும் பயிற்சி இல்லாதவர் கையில் கருவியைக் கொடுக்காதீர்கள். குறைந்தது இருவரைத் தயார்செய்யுங்கள். மண் சரிகிற இரவில் ஒருவர் ஊரில் இல்லாமல் போகலாம்.

படி 3: காப்பீடு. நேனோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிகளே இதற்கும் பொருந்தும். டிரோன் விழுந்து அடுத்தவர் தலையோ கூரையோ உடைந்தால் ஈடுசெய்வது இது. கருவி உடைந்தால் ஈடு கிடைக்கத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பாலிசியில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: ஓட்டுபவரின் தகுதி, பயன்பாட்டு நோக்கம், விலக்குகள். 'மீட்புப் பணி' நோக்கத்தில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 4: உயரம். மலையில் பலர் சறுக்குவது இங்கேதான். பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய வான்பகுதியில், தரையிலிருந்து 120 மீட்டர் வரை அனுமதி. திரையில் தெரிவதோ பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் 100 மீட்டர் ஏற்றிப் பள்ளத்தாக்கின் மேல் நகர்த்துகிறீர்கள். கீழே நிலம் 80 மீட்டர் இறங்கியிருக்கிறது. திரை 100 என்றே காட்டும், டிரோன் 180 மீட்டரில் நிற்கும். அங்கே விபத்து நேர்ந்தால் விதிமீறலைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மேட்டை நோக்கிப் போனாலோ, தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மர உச்சி நெருங்கிவிடும். சரிவுக்கேற்ப உயரத்தைத் திருத்தப் பழகுங்கள்.

டிரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் மண்டலத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வனத்துக்குள் என்றால் வனத்துறையிடமும் கேளுங்கள்.

விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் பைலட் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.