அக்வாவும் நீங்களும்: யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக ஹைபிரிட் கார் ஓட்டுபவருக்கு

போன மாதம் ஒரு ஞாயிறு, விடிய ஆறரைக்குச் சித்தியின் மகன் போன் எடுத்தான். "அண்ணை, கார் ஸ்டார்ட் ஆகுதில்லை. பட்டனை நாலைஞ்சு தரம் அமத்திப் பாத்திட்டன், ஒரு சத்தமும் இல்லை."

"மீற்றரில பச்சையா ஏதும் எரியுதா?"

"ரெடி எண்டு ஒண்டு எரியுது. பிறகு அமத்தினா நூருது."

கார் முதல் தரமே ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்த தரம் இவன்தான் நிறுத்தியிருக்கிறான். இப்படியே மாறி மாறி நடந்திருக்கிறது. முதல் நாள்தான் கைமாறி வந்த 2013 டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். அன்று அவனுக்குப் போனில் சொன்னதையும், அதன் பிறகு பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இது அக்வாவை வைத்து எழுதியது. ஹொண்டா ஃபிட் ஜிபி5 வேறு சாதி. அதில் இரட்டைக் கிளச் கியர்பெட்டியும் லிதியம் அயன் பற்றரியும் இருக்கின்றன. சுசுகி வாகன் ஆர் போன்றவற்றில் உள்ள சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். கார் வைத்திருக்கும் பழக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், கால் பழக்கம் கொஞ்சம் மாறும்.

படி 1: ஏறுவது, ஸ்டார்ட் செய்வது, இறங்குவது

சாரதிப் பக்கக் கதவைத் திறந்ததும் முன்னாலிருந்து "ங்ங்ங்" என்று இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம். பிரேக்குக்கான பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்கிறது. ஆனால் கார் சும்மா நிற்கும்போதும் அந்தச் சத்தம் அடிக்கடி வந்து போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தப் பாகம் விலை கூடினது.

பிரேக்கை நன்றாக மிதியுங்கள். மிதித்தபடியே பவர் பட்டனை ஒரு தரம் அமத்தி விடுங்கள். பிரேக்கை மிதிக்காமல் அமத்தினால் ரேடியோவும் லைற்றும் மட்டும்தான் வரும், கார் அசையாது. 'ரெடி' எழுத்து பச்சையாக எரிந்ததும் கார் ஓடத் தயார். எஞ்சின் சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சில விநாடி கழித்து அது தானாக எழும்பி ஒரு நிமிடம் அளவில் ஓடி, தன்னைச் சூடாக்கிக்கொண்டு அடங்கும். அதற்காக முற்றத்தில் நிற்கவும் வேண்டாம், மெல்ல வெளிக்கிடலாம்.

இறங்கும்போதுதான் கவனம் கூட வேண்டும். பார்க்கிங்கில் போட்டு, பட்டனை அமத்தி, மீற்றர் முழுக்க நூர்ந்ததைக் கண்ணால் பாருங்கள். சத்தம் இல்லாத காரை ஓஃப் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவது எளிது. பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய கராஜ் என்றால் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

படி 2: வலது காலைப் பழக்குவது

இதில்தான் பெற்றோல் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்வாவுக்குள் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன. பின் சீட்டுக்குக் கீழே 144 வோல்ட் நிக்கல் பற்றரி. அந்தப் பற்றரியின் கொள்ளளவு ஒரு யூனிட் மின்சாரம்கூட இல்லை. வீட்டில் அயன்பெட்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் முடிந்துவிடும் அளவு. அதை வெளியில் செருகிச் சார்ஜ் பண்ணவும் முடியாது. உள்ளே இருக்கும் மின்சாரம் முழுக்க நீங்கள் ஊற்றிய பெற்றோலில் இருந்தும், நீங்கள் பிரேக் பிடித்தபோது மீட்ட வேகத்தில் இருந்தும் வந்ததுதான்.

இது விளங்கினால் புதியவர்கள் விடும் முதல் பிழை பிடிபடும். எஞ்சின் எழும்பவே கூடாது என்று ஆமை வேகத்தில், காலைப் பட்டும் படாமலும் வைத்து உருட்டுவார்கள். பற்றரி இறங்கிவிடும். அப்புறம் அதை நிரப்ப எஞ்சின் எழும்பி ஓடும். மிச்சம் ஒன்றும் இல்லை. பின்னால் வரும் மினிபஸ்காரனின் ஹோர்ன் மட்டும் இலாபம்.

செய்ய வேண்டியது இது. கோண்டாவிலில் இருந்து பலாலி வீதியால் பட்டணத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வெளிக்கிடும்போது எஞ்சின் எழும்பட்டும். மீற்றரில் ஒரு பட்டை நீளும் பாருங்கள், அது ஈகோ பகுதியைத் தாண்டிப் பவர் பகுதிக்குள் போகாதபடி காலை வைத்துத் தாராளமாக 45 வரை கொண்டுபோங்கள். வந்ததும் காலை முழுதாக எடுங்கள். எஞ்சின் அடங்கும். பிறகு இறகு வைத்த மாதிரி மெல்லத் தொடுங்கள், கார் மோட்டாரில் வழுக்கிக்கொண்டு போகும். வேகம் 35க்கு வந்தால் மறுபடி ஏற்றுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். தின்னவேலிச் சந்தையடியில் முன்னால் பஸ் நிற்பது நூறு மீற்றரிலேயே தெரியும். அங்கேயே காலை எடுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டபடி வாருங்கள். பட்டை இடப்பக்கம் சார்ஜ் பகுதிக்குள் போகும். அதாவது மோட்டார் இப்போது டைனமோவாகச் சுழன்று பற்றரியை நிரப்புகிறது. பஸ்ஸின் பின்பக்கம் வரை போய் ஒரேயடியாக மிதித்தால், அந்த வேகத்தின் பெரும்பங்கு பிரேக் தட்டில் சூடாகப் போய்விடும். எனது காருக்கு முன் பிரேக் பாட் மாற்றாமல் பல வருடம் ஓடியதன் இரகசியம் இவ்வளவுதான்.

நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் போடும் பழக்கம் பழைய கார் ஓட்டியவர்களிடம் உண்டு. இதில் வேண்டாம். நியூட்ரலில் நிற்கும்போது பற்றரி சார்ஜ் ஆகாது. ஏசியும் ஓடிக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். 'டி'யிலேயே விட்டு பிரேக்கை மிதித்திருங்கள். 'டி'க்குக் கீழே ஒரு நிலை இருக்கிறது, இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு. குடாநாட்டில் ஏது இறக்கம்? கடுகண்ணாவைக்கோ நுவரெலியாவுக்கோ போகும்போது ஞாபகம் வந்தால் போதும்.

படி 3: ஒழுங்கைக்குள்

இந்தக் கார் வருவது ஒருவருக்கும் கேட்காது. ஒழுங்கை நடுவில் படுத்திருக்கும் நாய்க்கும் கேட்காது, வேலியோரம் கதைத்துக்கொண்டு நிற்கும் ஆச்சிக்கும் கேட்காது, சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் கேட்காது. மூலையில் ஒரு சின்ன ஹோர்ன் அடியுங்கள், அதட்டலாக இல்லாமல். ஒழுங்கை வாசல்களில் உயர்த்திக் கட்டியிருக்கும் சீமெந்துத் திட்டுகளில் நேரே ஏறாமல் சரித்து ஏறுங்கள். அக்வாவின் அடிப்பாகம் நிலத்தில் இருந்து 140 மில்லிமீற்றர் அளவுதான்.

படி 4: உண்மையான கணக்கு எடுப்பது

2011 டிசம்பரில் ஜப்பானில் அக்வா வந்தபோது அந்நாட்டுச் சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்றார்கள். விற்கிறவர் அதைத்தான் சொல்லுவார். நம்பி வாங்கிவிட்டு மனவருத்தப்படாதீர்கள். எனக்குக் குடாநாட்டுக்குள் 21, 22 வருகிறது. ஏ9 வீதியில் சட்ட வேகமான 70இலேயே போனால் 24, 25.

மீற்றர் காட்டுவதை விட்டுவிட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த தரம் அதே செட்டில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். ஒக்டேன் 92 போதும். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சின் இது.

தாங்கி 36 லீற்றர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களில், வரிசையில் எஞ்சின் எழும்பாமல் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததை நினைத்தால் இந்தக் காரின் குற்றங்குறை எல்லாம் எனக்கு மறந்துபோகும்.

ஒன்று: கடைக்கு ஒரு கிலோமீற்றர், கோயிலுக்கு அரைக் கிலோமீற்றர் என்று மட்டும் ஓடினால் கணக்கு விழும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் முதலிலிருந்து சூடாக வேண்டும். சித்தி வீட்டுக் காருக்கு முதல் தாங்கியில் 16 வந்ததற்கு இதுதான் பாதிக் காரணம்.

படி 5: பெரிய பற்றரிக்கு மூச்சு விடுவது

மற்றப் பாதிக் காரணத்தை நான் காருக்குள் ஏறியதும் கண்டேன். பின் சீட்டு முழுக்க, நிலம் வரை தொங்கும்படி சித்தி தடித்த விரிப்பொன்று போட்டிருந்தார், சீட் பழுதாகக் கூடாது என்று. பின் சீட்டின் ஓரத்தில் சின்னக் கம்பிச்சட்டம் போல ஒரு காற்றுத்துளை உண்டு. பெரிய பற்றரி அதன் வழியாகக் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. விரிப்பு அந்தத் துளையை வடிவாக மூடியிருந்தது. நிக்கல் பற்றரியின் முதல் எதிரி சூடு.

ஆகவே அந்தத் துளைக்கு முன்னால் அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பை, விரிப்பு ஒன்றும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துளையையும் உள்ளே இருக்கும் காற்றாடியையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள். செம்மண் தூசும் தலைமயிரும் நாய்மயிரும் கட்டியாக அடைந்திருக்கும். வைகாசி வெயிலில் ஏசியை நிறுத்தி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேர்த்தால் பற்றரிக்கும் வேர்க்கும். நிழலில் விடுங்கள், வேப்பமரம் நல்லது. தென்னைக்குக் கீழே விட்டவர் கதையைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

படி 6: சின்னப் பற்றரியை மறக்காமல் இருப்பது

எல்லோரும் பெரிய பற்றரியை நினைத்துத்தான் நித்திரை இல்லாமல் இருப்பார்கள். நடுத்தெருவில் விடுவது பெரும்பாலும் சின்னதுதான். மற்றக் கார்களைப் போல இதிலும் ஒரு 12 வோல்ட் பற்றரி இருக்கிறது, அதுவும் பின் சீட்டுக்குக் கீழேதான். கணினி, கதவுப் பூட்டு, லைற்று எல்லாம் அதில். அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தாலும் 'ரெடி' வராது.

எனக்கு நடந்தது நல்லூர்த் தேரன்று. மூன்று கிழமை கொழும்பில் நின்றுவிட்டு முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்திருந்தேன். விடிய நாலரைக்கு அம்மா பட்டுச்சீலையோடு வாசலில் நிற்கிறார். திறப்பை அமத்துகிறேன், கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒரு இரும்புத் திறப்பு ஒளிந்திருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தும் பயனில்லை, உள்ளே எல்லாம் இருட்டு. அம்மா ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டார்.

அந்த நேரம் வந்தால் சீட்டைக் கழற்றத் தேவையில்லை. முன் பொனற்றைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டிக்குள் மின் ஏற்றுவதற்கென்றே ஒரு முனை மூடியுடன் இருக்கும். வெளிப் பற்றரியின் பிளஸ்ஸை அதில் மாட்டி, மைனஸைப் பூச்சில்லாத ஒரு இரும்பில் மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் செலவு பற்றரியோடு நிற்காது, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டர் வரை போகும். கைநடுக்கம் என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உங்கள் ஹைபிரிட்டில் இருந்து வேறு வாகனத்துக்கு மின் கொடுக்கவும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் கார் உங்கள் பொறுப்பில் நிற்கிறதா? கிழமைக்கு ஒருமுறை வெளியில் எடுத்து ஒரு மணித்தியாலமாவது ஓடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் சின்னப் பற்றரியின் மைனஸைக் கழற்றி வையுங்கள்.

படி 7: தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். அந்த வெள்ளைப் படை எஞ்சினுக்குள்ளும் படியும். ஆகவே எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றாதீர்கள், உரிய கூலன்ட்டையே வாங்குங்கள். அக்வாவில் எஞ்சினுக்கு ஒன்று, இன்வேட்டருக்கு ஒன்று என இரண்டு கூலன்ட் தொட்டி உண்டு. இரண்டாவதைப் பல பேர் திரும்பியும் பார்ப்பதில்லை.

மாரியில் ஒழுங்கை வெள்ளம் சில்லின் பாதிக்கு வந்தால் திருப்பிக்கொண்டு வாருங்கள். பற்றரி இருப்பது தாழ்வான இடத்தில். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி போகிறவர்கள் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக்காற்று இரும்பைத் தின்னும்.

படி 8: கராஜ்

பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களை நீங்களும் தொடாதீர்கள், பழக்கமில்லாத மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். ஓயில் மாற்றுவது எந்தச் செட்டிலும் நடக்கும். ஹைபிரிட் பக்கம் கை வைக்கிறவர் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேன் கருவி வைத்திருக்க வேண்டும்.

பெரிய பற்றரியில் 20 துண்டுகள் உண்டு. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். ஒரு கராஜில் எனக்கும் அப்படித்தான் மாற்றினார்கள். நாலு மாதத்தில் பக்கத்துத் துண்டு போனது. பழைய துண்டுகளோடு வேறு வயதுடைய ஒன்று சேர்ந்தால் ஒத்து ஓடாது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். கைமாறி வாங்கும்போது ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் ஸ்கேனில் காட்டச் சொல்லுங்கள், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

காப்புறுதி, வருடாவருடம் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் மற்றக் காருக்குப் போலத்தான்.

நேற்றுப் பின்னேரம் தம்பி இரண்டாம் தாங்கிக் கணக்கோடு வந்தான். 20.4. விரிப்பை எடுத்தாச்சா என்று கேட்டேன். எடுத்து, அளவாக வெட்டி, காற்றுத்துளைக்கு நேரே ஒரு ஓட்டை விட்டுத் தைத்து, சித்தி திரும்பவும் போட்டுவிட்டாராம்.