பியானோவோடு கால் பேஸ்

காலால் மிதித்து பேஸ் சுரங்களை வாசிக்கும் மிடி பெடலை டிஜிட்டல் பியானோவோடு இணைக்கப் போகிறோம் (மிடி என்பது இசைக்கருவிகள் எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்று ஒன்றுக்கொன்று சொல்லும் முறை). முதலில் பியானோவின் முதுகைப் பாருங்கள். ஐந்து துளையுள்ள வட்டமான மிடி இன் இருந்தால் சுலபம்: பெடலின் மிடி அவுட்டிலிருந்து ஒரே கேபிள். என்னுடையதில் யூஎஸ்பி டு ஹோஸ்ட் மட்டும்தான். அது கணினியைத் தேடும் வாய். பெடலை நேராக ஏற்காது. நடுவில் லேப்டாப் வேண்டும், அல்லது கணினிக்குப் பதிலாக நிற்கும், ஐந்துதுளை மிடி இன் உள்ள யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி. நான் பெட்டிதான் வாங்கினேன். ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு பழக லேப்டாப்பை எழுப்ப யாருக்குப் பொறுமை?

அப்புறம் சேனல், அதாவது மிடி செய்திகள் போகும் எண்ணிட்ட தடம். பெடலை 1-இல் விட்டால் பெரும்பாலும் கையில் வாசிக்கும் ஒலியே காலிலும் வரும். பல சேனல்களை ஏற்கும் பியானோ என்றால் 2-க்கு மாற்றி பேஸ் ஒலி கொடுங்கள். ஜெனரல் மிடி என்ற பொதுவான ஒலிப் பட்டியலில் அது 33. பெடலின் இடதுகோடி சி சுரத்தின் மிடி எண் 36 ஆக இருக்கட்டும். 16 அடி ஆர்கன் குழாயின் கனம் வேண்டுமா? ஒரு ஆக்டேவ் இறக்குங்கள். சரி, பெடலுக்கு அடியில் ரப்பர் பாய் போட மறக்காதீர்கள், டைல்ஸில் வழுக்கிக்கொண்டே போகும்.