இணைய விதி வரைவு ஒன்றைச் சந்தைக் கண்ணோடு படிப்பது எப்படி?

வரைவு விதி ஒன்று கைக்கு வந்ததும் முன்னுரையைப் படிக்காதீர்கள். நுகர்வோர் நலன், பாதுகாப்பு, புதுமை, நாட்டின் வளர்ச்சி என்று எல்லா வரைவின் முன்னுரையும் ஒரே குரலில்தான் பேசும். நேராக வரையறைகள் உள்ள பக்கத்துக்குப் போங்கள்.

ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒழுங்குமுறைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தொலைத்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டு வெளியிடும் தாள்களைப் படித்து நிறுவனத்தின் சார்பில் பதில் எழுதுவதுதான் பிழைப்பு. சந்தையின் மேல் நம்பிக்கை உள்ளவன். அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். ஆனால் சந்தையை நம்புவது வேறு, கம்பெனியை நம்புவது வேறு. இந்த வித்தியாசம் பிடிபடாதவர்கள் எழுதும் "தாராளச் சந்தை" வாதங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்.

வரையறைகளில் இரண்டு இடங்களில் பென்சிலை வையுங்கள். ஒன்று, "அரசு அவ்வப்போது அறிவிக்கும் பிற சேவைகள்" என்ற வால். அந்த வால் இருந்தால் உங்கள் கையில் இருப்பது விதியே அல்ல, கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள். இரண்டு, அளவுக்கோடு. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்குத் தனிப் பொறுப்புகளைச் சுமத்தின. ஜெர்மனி 2017-ல் கொண்டுவந்த சட்டம் 20 லட்சத்தில் கோடு போட்டது. கோடே இல்லாத வரைவு, நாலு பேர் நடத்தும் செயலியையும் நாற்பதாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுத்தும். அதில் யார் தாங்குவார் என்பது சொல்லாமலே தெரியும்.

அடுத்து, நடந்த தீங்கைத் தேடுங்கள். நடக்கலாம் என்கிற தீங்கை அல்ல. "இதனால் பாதிப்பு ஏற்படக்கூடும்" என்ற வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, "இன்ன இடத்தில் இன்னார் இன்னதைச் செய்தார்" என்பது எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 2005-ல் மேடிசன் ரிவர் என்ற சிறிய தொலைபேசி நிறுவனம், தன் இணைய இணைப்பு வழியாகப் போட்டியாளரின் இணையத் தொலைபேசி வேலை செய்யாதபடி தடுத்தது. உண்மையான தீங்கு. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் தலையிட்டதும் 15,000 டாலர் கட்டி, தடுப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அதன் பிறகு வந்த இணையச் சமநிலை விதிகளின், அதாவது இணைப்பு தருபவர் எல்லாத் தளங்களையும் ஒரேபோல் நடத்த வேண்டும் என்ற விதிகளின், கதையைப் பாருங்கள்: 2015-ல் வந்தது, 2017-ல் நீக்க முடிவானது, 2024-ல் திரும்பியது, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. ஆட்சி மாறும்போதெல்லாம் புரளும் விதியை நம்பி எவன் பத்து வருடத் திட்டம் போட்டுக் கேபிள் புதைப்பான்?

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு நல்ல கேள்வி உண்டு. ஊரில் ஒரே ஒரு இணைப்புதான் இருக்கிறது என்றால் "பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போ" என்பது வாய்ப்பேச்சுதானே? ஆமாம், வாய்ப்பேச்சுதான். ஆனால் அங்கேயே நிற்காமல் ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சாலையில் கிடைக்கும்: பள்ளம் தோண்ட அனுமதி, கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி, டவருக்கு அனுமதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அரசே கட்டிய வேலியால் வந்த ஏகபோகத்துக்கு மருந்து வேலியைப் பிரிப்பது. உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு நடத்தை விதி எழுதுவது இரண்டாம் பட்சம். வேலி எதுவும் இல்லாமலே ஒரே இணைப்புதான் கட்டுப்படியாகும் என்கிற மலைக்கிராமங்களும் உண்டு; அங்கே என் தரப்பிலேயே ஒத்த கருத்து கிடையாது.

இந்தியாவில் 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதோடு முடிந்தது. ஏழைக்கு இலவசமாகக் கொஞ்சம் இணையமா, எல்லாருக்கும் ஒரே இணையமா என்று அப்போது நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, கேள்வியே காணாமல் போனது. ஏழைக்கு இணையம் கிடைத்தது தடையாலும் அல்ல, தானத்தாலும் அல்ல. புதிதாக ஒருவர் உள்ளே நுழைந்ததால். அதற்குப் பின் எத்தனை நிறுவனங்கள் மூடின, எத்தனை இணைந்தன என்பதையும் என் தரப்பினர் சேர்த்தே சொல்ல வேண்டும். நுழைவை மட்டும் கொண்டாடிவிட்டு வெளியேற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அரைக்கணக்கு.

இப்போது முக்கியமான கேள்வி: இந்த விதியை யார் கேட்டது? இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

அமெரிக்காவில் ஹஷ்-ஏ-ஃபோன் என்று ஒரு பொருள் இருந்தது. கிண்ணம் மாதிரி, தொலைபேசியில் பேசும் பக்கத்தில் மாட்டிக்கொள்வது. பக்கத்து மேசைக்காரருக்கு நம் பேச்சு கேட்காது, அவ்வளவுதான். கம்பியைத் தொடுவதில்லை, மின்சாரமும் கிடையாது. அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி இதை ஏற்கவில்லை. எங்கள் கருவியில் எங்கள் அனுமதியின்றி எதையும் மாட்டக்கூடாது என்பது ஆணையத்திடம் பதிவான கட்டண விதியிலேயே இருந்தது. 1948-ல் தொடங்கிய வழக்கில் ஆணையமே பெரிய நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது: பேச்சின் தரம் கெடுகிறதாம், அதனால் பொதுநலனுக்குக் கேடாம். 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசினாலும் அதே விளைவுதானே, அதையும் தடுப்பீர்களா என்கிற தோரணையில் போனது தீர்ப்பு. அந்தப் பாதையில்தான் 1968-ல் கார்ட்டர்ஃபோன் முடிவு வந்து, வலைக்குக் கேடு செய்யாதவரை யாருடைய கருவியையும் தொலைபேசி வலையில் இணைக்கலாம் என்றானது. மோடம் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான். ஒரு கிண்ணத்தைத் தடுக்க "பொதுநலன்" என்ற சொல் போதுமானதாக இருந்தது. அடுத்த முறை அந்தச் சொல் கண்ணில் படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்குமுறையை அந்தத் துறையே கேட்டு வாங்கிக்கொள்கிறது, தன் நன்மைக்காக வடிவமைத்துக்கொள்கிறது என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-ல் எழுதினார். 2019-ல் ஃபேஸ்புக்கின் மார்க் ஜக்கர்பெர்க் இணையத்துக்குப் புதிய விதிகள் தேவை என்று செய்தித்தாளில் எழுதியபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பயனாளர் பதிவுகளைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்கெனவே வேலைக்கு வைத்திருப்பவருக்கு அந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் விதி சுமையல்ல, மதில். நாங்களும் எங்கள் பதில்களில் "சமமான ஆடுகளம்" என்று தவறாமல் எழுதுவோம். நடைமுறையில் அதன் பொருள், என் காலில் கட்டிய கல்லை இணைய அழைப்புச் செயலிக்காரன் காலிலும் கட்டு என்பதுதான். இரண்டு பேர் காலிலிருந்தும் அவிழ்த்துவிடு என்று எழுதிய பதில் அபூர்வம். நீங்கள் அந்த அபூர்வத்தை எழுதுங்கள்.

வரைவு அலைக்கற்றையை, அதாவது மொபைல் சேவைக்கான வானொலி அலைவரிசைகளை, பற்றியது என்றால் வேறு விதமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே பற்றாக்குறை உண்டு. பற்றாக்குறைப் பொருளை யாருக்குக் கொடுப்பது என்பதை விலையே முடிவு செய்யட்டும் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1959-ல் எழுதினார். அமெரிக்க ஆணையத்தின் முன் அதை விளக்கப் போனபோது, இதெல்லாம் பெரிய வேடிக்கையா பேராசிரியரே என்று ஒரு ஆணையர் கேட்டாராம். அந்த ஆணையமே முதல் ஏலத்தை நடத்தியது 1994-ல்.

ஏலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008-ல் 2ஜி உரிமங்கள் 2001-ம் ஆண்டு விலைக்கு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் போயின. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017-ல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. யார் குற்றவாளி என்ற விவாதத்தை ஓரமாக வையுங்கள். விலை இல்லாத இடத்தில் வரிசைதான் விலை. வரிசை எந்தத் தேதியோடு முடிகிறது என்று தீர்மானிப்பவர் கையில் அத்தனை அதிகாரமும் சேர்ந்துவிடும்.

ஏலம் என்று எழுதியிருந்தாலும் திருப்தியடையாதீர்கள். நியூசிலாந்து 1990-ல் குறைந்தபட்ச விலை வைக்காமல், வென்றவர் இரண்டாவது ஆள் கேட்ட தொகையைக் கட்டினால் போதும் என்று நடத்திய ஏலத்தில், ஒரு லட்சம் டாலர் கேட்டவர் 6 டாலர் கட்டிவிட்டுப் போனார். நேர் எதிர்ப்பக்கத்தில் இந்தியா 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வைத்த அடிப்படை விலையில் 2016-லும் 2021-லும் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. விலையைக் குறைத்த பிறகு 2022-ல்தான் விற்றது. அத்தனை வருடங்களும் அந்த அலைவரிசை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. கஜானாவுக்கு அதிகம் பிடுங்குவதற்காக நடத்தப்படும் ஏலத்தைச் சந்தை என்று பாராட்ட வேண்டாம். உரிமமே தேவையில்லை என்று விட்டுவிடுவதும் ஒரு வழி: 1985-ல் அமெரிக்கா சில அலைவரிசைகளைப் புதிய வகைக் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது, பின்னாளில் வைஃபை அங்கேதான் வளர்ந்தது.

பிறகு, விதிக்கு ஆட்பட்டவர் சும்மா இருப்பாரா என்று யோசியுங்கள். செய்தித் துணுக்குகளைக் காட்டினால் பதிப்பாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஸ்பெயின் சட்டம் போட்டது. 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் அங்கே கடையைக் கட்டியது, திரும்ப வந்தது 2022-ல். கனடாவில் அதே மாதிரிச் சட்டத்துக்கு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பதில், 2023 ஆகஸ்டிலிருந்து செய்தியையே தன் தளங்களில் காட்டாமல் விட்டது. ஐரோப்பாவின் தனியுரிமை விதி 2018-ல் அமலான பின் கூகுள் ப்ளேயில் இருந்த செயலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மறைந்தது, புதிய செயலிகளின் வரவு பாதியானது என்று ஓர் ஆய்வு கணித்தது. தனியுரிமையால் மக்களுக்குக் கிடைத்த பயன் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் பதிலில் நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்தால் எதிராளி எழுதுவார்.

கடைசிப் பக்கத்தில் முடிவுத் தேதி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 1885-ல் தந்திக்காக எழுதிய சட்டத்தின் கீழ்தான் இந்தியாவின் மொபைல் சேவை முழுவதும் வளர்ந்தது. அதற்கு மாற்றாகப் புதுச் சட்டம் வந்தது 2023-ல். ஐந்தாண்டில் தானாகக் காலாவதியாகும், வேண்டுமென்றால் காரணம் சொல்லி நீட்டிக்கட்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் எழுதும்போது தத்துவம் வேண்டாம். நாலு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கப்போவதில்லை. உட்பிரிவு எண்ணைச் சொல்லி, இப்போதுள்ள வாசகத்தையும் நீங்கள் கேட்கும் வாசகத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். "இந்தப் பிரிவு புதுமையை ஒடுக்கும்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். "6(2)-ல் 'முன் அனுமதி பெற்று' என்பதற்குப் பதிலாக 'ஏழு நாட்களுக்குள் தகவல் தெரிவித்து' என்று மாற்றவும்" என்று எழுதினால், அந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஆம் அல்லது இல்லை என்று குறிப்பு எழுதியே ஆக வேண்டும். ஏற்கெனவே உள்ள நுகர்வோர் சட்டமோ போட்டிச் சட்டமோ அந்தத் தீங்கைக் கவனித்துக்கொள்ளும் என்றால் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

டிராய் மாதிரியான ஆணையங்கள் வந்த கருத்துகளை வெளியிட்டு, எதிர்க்கருத்துக்கும் அவகாசம் தரும். பெரும்பாலானவர்கள் முதல் சுற்றில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் கூரான வாதத்தை இரண்டாம் சுற்றுக்குத்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும், ஏனென்றால் அதற்கு எழுத்தில் மறுமொழி தர மூன்றாவது சுற்று கிடையாது. நீங்களும் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.