விஆர் மாட்டினால் டிஸ்க் 100% காட்டுகிறதா? லோயாட்டுக்குக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

மெட்டாவின் விஆர் ஹெட்செட்டான குவெஸ்ட்டை கேபிள் போட்டுக் கணினியில் மாட்டி கேமைத் திறக்கிறீர்கள், தலையைத் திருப்பினால் படம் திக்கித் திக்கி வருகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. உடனே கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி, சனிக்கிழமை கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் போய், கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி விலை கேட்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க் 100 என்பது பெரும்பாலும் டிஸ்க்கின் கோளாறே இல்லை, வேறு யாரோ அதைப் போட்டுப் பிழிகிறார்கள். அந்த ஆள் யார் என்று பார்க்காமல் கார்டை மாற்றினால் காசு போகும், திக்கல் போகாது.

முதலில் விஆர் ஏன் இவ்வளவு ரோஷக்காரன் என்று தெரிந்துகொள்ளுங்கள். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் என்று ஓடினால், ஒரு படத்துக்கு (ஃபிரேமுக்கு) கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட், 72 ஹெர்ட்ஸில் 13.9, 120க்குப் போனால் வெறும் 8.3. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் தகவல் துண்டைத் தேடி எடுக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும், சில நேரம் அதற்கும் மேலே. மானிட்டரில் ஆடும்போதும் இதே இழுபறிதான், ஆனால் கண்டுகொள்ள மாட்டோம். ஹெட்செட்டில் கேம் ஒரு துண்டுக்காகக் காத்து நின்றால், மென்பொருள் பழைய படத்தையே திருப்பிக் காட்டிச் சமாளிக்கும். பார்வையின் ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும், கைகள் விட்டுவிட்டு நகரும், சற்று நேரத்தில் வயிறு புரட்ட ஆரம்பிக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆக்டிவ் டைம் என்று இருப்பதுதான் அந்த 100. அது வேகம் இல்லை, டிஸ்க் எவ்வளவு நேரம் சும்மா இல்லாமல் இருந்தது என்பதற்கான கணக்கு மட்டுமே. சுழலும் டிஸ்க் நொடிக்கு 2 எம்பி மட்டும் படித்துக்கொண்டு 100 காட்டும், சுழலும் பாகமே இல்லாத நல்ல எஸ்எஸ்டி நூற்றுக்கணக்கான எம்பியை அள்ளிக்கொண்டு 30 காட்டும். ஆகவே பக்கத்தில் இருக்கும் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்எஸ்டியில் அது ஓரிரு மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். நூறு, இருநூறு என்று எகிறினால் விஷயம் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல், ஹெட்செட்டைக் கழற்றினால் அது தூங்கிவிடும், கேமும் நின்றுவிடும், அப்புறம் திரையில் எதைப் பார்ப்பது? தம்பியோ தங்கச்சியோ வீட்டில் இருந்தால் மாட்டிவிட்டு ஆடச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆள் இல்லையென்றால், இரண்டு லென்ஸுக்கும் நடுவே மேலே இருக்கும் சின்ன சென்சார்மீது ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது ஓடிக்கொண்டே இருக்கும். மேசையில் வைக்கும்போது லென்ஸ் பக்கம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் திரையை அது சுட்டுவிடும். வேலை முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பேட்டரி காலி.

இப்போது ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள், விண்டோஸ் 11இல் அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் இருக்கிறது. அதன் டிஸ்க் பக்கத்தில் எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று வரிவரியாக ஓடும். டோட்டல் என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரிய திருடன் மேலே வந்து நிற்பான். கேம் திக்கும் அந்த நொடியில் மேலே நிற்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல், வீடியோவில் சொன்னார்கள் என்று சர்வீஸ்களை வரிசையாக நிறுத்திக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மேலே பேஜ்ஃபைல் நின்றால்

நான் பார்த்தவரை அதிகம் சிக்குவது இதுதான். அந்தக் கோப்பு தொடர்ந்து முதலிடத்தில் நின்றால் உங்களுக்கு இருப்பது ரேம் பற்றாக்குறை, டிஸ்க் பிரச்சினை இல்லை. ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, வேண்டும்போது ஓடிப்போய் எடுத்துவருகிறது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் கமிட்டட் என்று இரண்டு எண் இருக்கும், முதல் எண் உங்கள் ரேமைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கில் போய் எடுத்த கணக்கு) கோடும் கூடவே துள்ளும்.

8 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு கணினி வழியாக விஆர் ஆடுவது கஷ்டம்தான், சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் ஒரு பங்கு, ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர் ஒரு பங்கு, ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் மெட்டாவின் லிங்க் ஆப் ஒரு பங்கு, கேமுக்கு மிச்சம் மீதிதான். 16 இருந்தால் நிம்மதி. அதற்கு முன் இலவசமாகச் செய்யக்கூடியது, பின்னால் திறந்து கிடக்கும் குரோம் டேப்களை மூடுவது, டிஸ்கார்டையும் ஸ்டார்ட்-அப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற லாஞ்சர்களையும் நிறுத்துவது. பேஜ்ஃபைலையே அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரேம் நிரம்பிய நொடியில் கேம் மொத்தமாக விழுந்துவிடும். அதை எஸ்எஸ்டியில் இருக்கும்படி வைத்து, அளவை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள்.

இன்னொரு கதவு வழியாகவும் இதே தொல்லை வரும். கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி நிரம்பினால் மிச்சம் ரேமுக்கு வழிகிறது, ரேம் நிரம்பினால் டிஸ்க்குக்கு. டாஸ்க் மேனேஜரின் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தில் டெடிகேட்டட் மெமரி முட்டி நிற்க, ஷேர்டு மெமரி ஏறிக்கொண்டே போனால் இதுதான். குவெஸ்ட் 3இல் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல், குவெஸ்ட் 2இலும் 3எஸ்ஸிலும் 1832க்கு 1920. அதற்கும் மேல் ஸ்டீம்விஆரில் ரெசல்யூஷனை 150 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் ஒன்றரை மடங்கு பிக்சலை வரையச் சொல்கிறீர்கள். 100க்கு இறக்குங்கள், கேமுக்குள் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறையுங்கள், லிங்க் ஆப்பில் ஹெட்செட்டின் கிராபிக்ஸ் அமைப்பில் 90ஐ 72 ஆக்கிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம், பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

வேறு பெயர்கள் நின்றால்

கேம் ரெக்கார்டிங்கைத்தான் யாருமே சந்தேகிப்பதில்லை. என்விடியாவின் இன்ஸ்டன்ட் ரீப்ளே, விண்டோஸ் கேம் பாரின் பின்னணிப் பதிவு, இரண்டையும் எப்போதோ ஆன் செய்து மறந்திருந்தால், கடைசிச் சில நிமிடங்களை எழுதிக்கொண்டே இருக்கும். அணைத்துவிடுங்கள்.

ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்றால் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர். ஸ்கேன் முடியட்டும் என்று விட்டால் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை கேம் லோட் ஆகும்போதும் வந்தால், ஸ்டீமின் கேம் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம், டவுன்லோட் ஃபோல்டரைச் சேர்க்கவே கூடாது. கண்ட இடத்தில் இறக்கிய கேமாக இருந்தால் இந்த விலக்கே வேண்டாம், புரிந்திருக்கும்.

அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சிஸ்மெயின், கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் விண்டோஸ் சர்ச் இரண்டும் இணையத்தில் ஊரே திட்டும் பெயர்கள். சுழலும் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் சிஸ்மெயினை நிறுத்திப் பார்க்கலாம், எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டீமில் ஆடும்போது டவுன்லோட் செய்யும் தேர்வை அணையுங்கள், விண்டோஸ் அப்டேட்டின் டெலிவரி ஆப்டிமைசேஷனையும் (அப்டேட்டை மற்ற கணினிகளோடு பகிரும் வசதி). ஒன்டிரைவ் படம் ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் இரண்டு மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

விஆரில் பலர் கூடிப் பேசும் விஆர்சாட் ஆடுகிறவர்களுக்குத் தனிக் கதை. ஒவ்வொரு உலகத்துக்குள் போகும்போதும், ஒவ்வொருவரின் அவதாரும் இறங்கும்போதும் அது கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) எழுதுகிறது, அந்தக் கேஷ் வழக்கமாக விண்டோஸ் இருக்கும் டிரைவில்தான் இருக்கும். கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தால் திக்கல் அப்படியேதான் இருக்கும். கான்ஃபிக் கோப்பில் கேஷின் இடத்தை மாற்றலாம், செய்துவிடுங்கள்.

மெட்டாவின் ரன்டைம் சர்வரே மேலே நின்று அடங்காமல் இருந்தால், சர்வீசஸ் பட்டியலில் ஆக்குலஸ் விஆர் ரன்டைம் சர்வீஸைத் தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் லிங்க் ஆப்பை ரிப்பேர் செய்யுங்கள். பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் வைத்திருந்தால் இந்த வேலையெல்லாம் வீண், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அந்த ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

மழை, இடி, சூடு

கேஎல்லில் சாயங்காலம் நாலு மணிக்கு இடி இடித்து கரண்ட் டிரிப் ஆவது புதிதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பு கெடலாம், டிஸ்க்கும் அடிபடலாம். எந்த நிரலும் மேலே நிற்கவில்லை, ஆனால் ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் வானத்தில் என்றால் டிஸ்க்கையே சந்தேகியுங்கள். டிரைவை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய்ச் சோதியுங்கள், பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இறக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கெட்ட இடங்களைக் காட்டும் ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டார் எண்கள் சுழியமாக இல்லாவிட்டால் கேமை மறந்துவிட்டு முதலில் கல்யாணப் படங்களை நகலெடுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுவது நம் ஊருக்கு ஆடம்பரம் இல்லை.

சூடும் சேர்ந்துகொள்கிறது. ஏர்கான் இல்லாத அறையில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து விஆர் ஆடினால், வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டி 70 டிகிரியைத் தாண்டிப் போகும், பல மாடல்கள் அதற்குமேல் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இருபது நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தாலும் எழுதும் வேகம் விழும், பத்திலிருந்து இருபது சதவீதம் காலியாக வையுங்கள்.

டிஸ்க் அமைதியாக இருந்தும் திக்கினால் அது வேறு வியாதி. வைஃபையில் ஆடுகிறவர்கள் கணினியை ரவுட்டரில் கேபிள் போட்டு இணையுங்கள், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். கொண்டோவில் பக்கத்து வீடு, மேல் வீடு என்று எல்லா ரவுட்டரும் ஒரே சேனலில் முட்டிக்கொள்ளும், அதையும் மாற்றிப் பாருங்கள்.

கடைசியில் வாங்கத்தான் வேண்டும் என்றால்

விண்டோஸ் இன்னும் சுழலும் டிஸ்க்கில் இருந்தால் தயங்காமல் எஸ்எஸ்டி போடுங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி தொட்டாலே பெரிது, பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், என்விஎம்இ சில ஆயிரம். விஆருக்கு சாட்டாவே போதும், உண்மையான வித்தியாசம் சிதறிக் கிடப்பதைத் தேடி எடுக்கும் நேரத்தில்தான். லோயாட்டுக்குப் போகும் முன் உங்கள் லேப்டாப் மாடலைத் தேடி, உள்ளே எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் சாட்டாவா என்விஎம்இயா என்று குறித்துக்கொண்டு போங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாறினால் கணினிக்குத் தெரியவே தெரியாது. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்த (குளோன் செய்த) பிறகு, வேறு டிரைவில் கேம்கள் இருந்தால் ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் போய் அவற்றைப் புதிய டிரைவுக்கு நகர்த்துங்கள், திரும்ப இறக்க வேண்டியதில்லை. பழைய டிஸ்க்கை ஒரு வாரத்துக்கு ஃபார்மட் செய்யாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.