விண்டோஸ் திறக்கவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் கோப்புகளை எடுத்துவிடுங்கள்

பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்கணினி ஒரு நாள் நீலத் திரையோடு நின்றுவிட்டது. பழுது பார்க்கும் கடையில், "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார்களாம். கணினி சரியாகிவிடும்தான், உள்ளே இருக்கும் ஆறு வருடப் புகைப்படங்கள்?

விண்டோஸ் படுத்துவிட்டால் வன்தட்டும் போய்விட்டது என்று பொருளல்ல. பென்டிரைவிலிருந்தோ டிவிடியிலிருந்தோ, விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸை நேரடியாக ஓட்டி, உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். இதைத்தான் லைவ் டிஸ்க் என்கிறார்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை.

1. பென்டிரைவ் தயாரித்தல்

நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் (லினக்ஸின் ஒரு வகை) தளத்திலிருந்து, அந்த இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுத்துப் போட்டால் வேலை செய்யாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுத வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும்.

2. அதிலிருந்து கணினியைத் தொடங்குதல்

பழுதான கணினியில் பென்டிரைவைச் செருகி, இயக்கியதுமே பூட் மெனுவுக்கான (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட் திரை வரும். அதில் 'இன்ஸ்டால்' என்றொரு சின்னம் இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

3. வன்தட்டைத் திறத்தல்

கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் வன்தட்டின் பகுதிகள் தெரியும். பெயர் புரியாவிட்டால் அளவைப் பாருங்கள்; பெரியதுதான் பெரும்பாலும் உங்களுடையது. உள்ளே 'யூசர்ஸ்' கோப்புறையில் உங்கள் பெயரைத் திறந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இருக்கும். விண்டோஸின் கடவுச்சொல்லை லினக்ஸ் கேட்பதே இல்லை. முதல்முறை பார்த்தபோது எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது.

விண்டோஸ் வன்தட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் கதை வேறு. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் லினக்ஸாலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் முழுமையாக அணையாமல் நின்றிருந்தால், 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கக்கூடும். கவலை வேண்டாம், நமக்குத் தேவையும் அதுதான்.

4. நகலெடுத்தல்

வெளி வன்தட்டைச் செருகி, கோப்புறைகளை நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். 'வெட்டு' வேண்டாம், 'நகல்' மட்டும். வெளி வன்தட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு, நீளமான வீடியோ போன்றவை, அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும்.

வன்தட்டே நோயாளி என்றால்

நகலெடுக்கும்போது பிழைச் செய்தி வருகிறது, வேகம் திடீரென்று படுத்துவிடுகிறது என்றால் கோப்பு கோப்பாகத் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் தட்டை இன்னும் களைப்பாக்கும். டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதலில் எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்கான கட்டளையில் முதலில் மூலம் (பழுதான தட்டு), அடுத்து இலக்கு (நகல் போகும் வெற்றுத் தட்டு), கடைசியில் அந்த வரைபடக் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் வெற்றுத் தட்டு உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே அளவை வைத்து எது எதுவென்று இருமுறை பாருங்கள்.

'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் இதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

5. பிடுங்கும் முன்

நகலெடுத்த படங்களில் நான்கைந்தைத் திறந்து பாருங்கள். பிறகு கோப்பு மேலாளரில் வெளி வன்தட்டின் பெயருக்கு அருகில் உள்ள வெளியேற்றும் குறியைச் சொடுக்குங்கள். நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும் லினக்ஸ் சில நேரம் பின்னணியில் எழுதிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் கடைசிக் கோப்புகள் பாதியில் நின்றுவிடும். அக்காவின் முதல் முயற்சியில் அப்படித்தான் ஒரு கல்யாண வீடியோ அரைகுறையானது. நல்லவேளை, மூலம் அப்படியே இருந்தது.